அவுன்ஸ் கிளாஸில் ஓடிய வண்டி

இந்த நாட்டில் ஓடும் வண்டிகளில் டீசல் திருடு போகாத வண்டி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. என்னால் முடியும். அது எங்கள் இராஜபாளையம் 'உயிர்காப்பு ஊர்திக் குழு'வின் வேன். பத்து ஆண்டுகளில் அதிலிருந்து ஒரு சொட்டு டீசலை ஒருவரும் திருடவில்லை. டேங்கில் இருந்தால்தானே திருடுவதற்கு.

குழுவின் பத்தாம் ஆண்டு மலருக்கு 'மறக்க முடியாத அனுபவம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் ஞானதுரை அவர்கள் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். 'மறைந்த மெக்கானிக் அசன் முகம்மது அவர்களின் துணைவியார் என்ற முறையில்' எழுத வேண்டுமாம். அந்த முறையில் எனக்கு எட்டு வருட அனுபவம் இருக்கிறது. எழுதுகிறேன்.

1986-இல் பேண்டேஜ் மில் முதலாளி ஒருவர், பதினோரு வருடம் துணிக்கட்டு சுமந்த தன் டீசல் வேனை ஊருக்குத் தானமாகக் கொடுத்தார். அதற்கு வெள்ளையடித்து, உள்ளே ஒரு கட்டிலைப் போட்டு, அவசர நோயாளிகளை மதுரைக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. குழு அமைந்தது. தலைவர் சமுத்திரம் அவர்கள், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டர் வைத்திருந்ததால் வாகன அறிவு உள்ளவர். செயலாளர் ஞானதுரை அவர்கள் ஓய்வு பெற்ற கம்பவுண்டர். சைக்கிள் வைத்திருந்தார்.

முதல் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. வண்டியை எப்படி ஓட்டுவது என்பது பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை. டிரைவர் டீசலைத் திருடாமல் எப்படித் தடுப்பது என்பதே பேச்சாக இருந்தது. அப்போது டிரைவரே நியமிக்கப்படவில்லை. இருந்தாலும் அவர் திருடுவது ஏகமனதாகத் தடுக்கப்பட்டது.

ஏற்பாடு இதுதான். டேங்க் எப்போதும் காலியாக இருக்கும். டீசல் கேன் செயலாளர் வீட்டு பீரோவில் பூட்டியிருக்கும். வண்டி புறப்படும்போது, போகும் தூரத்துக்கு உரிய டீசலை மட்டும் செயலாளர் தம் கையால் ஊற்றுவார். நாற்பது வருடம் மருந்து மிக்சர் கலக்கிய கை அது. எதையும் அவுன்ஸ் கிளாஸில்தான் அளக்கும். அவர் அதை டீசல் என்றும் சொல்வதில்லை. 'டோஸ்' என்றுதான் சொல்வார். மதுரைக்கு மொத்தமாக ஊற்றினால் வழியில் கை வைத்துவிடுவார்கள் என்பதால், முதல் டோஸ் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும். அங்கே பொன்னுராஜ் என்ற உறுப்பினரின் கடையில் இரண்டாவது டோஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், லிட்டருக்குப் பன்னிரண்டு ஓடும் வண்டி, ஆகவே ஒரு லிட்டர். அதாவது முப்பத்தைந்து அவுன்ஸ்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் டீசல் என்ஜின் ஒர்க் ஷாப் வைத்திருந்த என் வீட்டுக்காரரைக் குழுவின் 'அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக்' ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. அட்டை உண்டு. அவரைத் தவிர வேறு யாரும் என்ஜினில் கை வைக்கக் கூடாது என்பது ஏழாவது விதி. ஸ்பேனர்கூட டிரைவரிடம் கொடுக்கப்படவில்லை. ஸ்பேனரும் திருடக்கூடிய பொருள்தான்.

அவர் முதல் மாதமே சொல்லிப் பார்த்தார். பெட்ரோல் வண்டி என்றால் தீர்ந்தபின் ஊற்றி மிதித்தால் போய்விடும். டீசல் அப்படி இல்லை. கடைசிச் சொட்டு போனதும் பம்ப் காற்றை இழுத்துக்கொள்ளும். பைப்பெல்லாம் காற்று அடைத்துவிடும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் என்ஜினுக்குப் போய்ச் சேராது. ஃபில்டர் மேலே இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர்.

தலைவருக்கு அது விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொன்னார்: "பால் புட்டி காலியான பொறவும் பிள்ளை சப்பிக்கிட்டே இருந்தா வயித்துக்குள்ள என்னய்யா போகும்? காத்துதானே. முதுகுல தட்டி அதை வெளிய எடுக்கணும்லா. அதான்."

பிள்ளை, புட்டி, முதுகு எல்லாம் தலைவருக்கு விளங்கியது. டேங்கில் எப்போதும் பத்து லிட்டர் கிடக்க வேண்டும் என்று இவர் எழுதிக் கொடுத்த மனுதான் விளங்கவில்லை. அது 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

இரண்டு வருடத்தில் வண்டி பத்தொன்பது தடவை வழியில் நின்றது. பத்தொன்பது தடவையும் அவர் சைக்கிளில் போய் ஏர் எடுத்துவிட்டு வந்தார். ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பத்தொன்பது தடவை நின்றும் ஒரு சொட்டுக்கூடத் திருடு போகவில்லை என்று செயலாளர் அறிக்கை வாசித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், "ஏட்டி, நீயுமா" என்றார்.

1988 ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலையில், இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கை வலிக்கிறது என்றார். தெரு முனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சுவலிதான், மதுரைக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவுக்கு நல்லது என்றார். எதிர்வீட்டுக்காரர் டாக்சிக்கு ஆள் அனுப்புகிறேன் என்று செருப்பைப் போட்டார்.

"நம்ம வண்டி இருக்கும்போது டாக்சி எதுக்கு?" என்றார் இவர்.

"அது ஓடுமா?" என்றேன்.

"ஓடலைன்னா நாந்தான் கூட இருக்கேன்லா."

வண்டி வந்தது. செயலாளர் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து முப்பத்தைந்து அவுன்ஸ் ஊற்றினார். அது முடிய ஒன்பதேகால். நோட்டோடு அவரும் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு பயணத்திலும் தலைவர் கூட வர வேண்டும் என்பது நான்காவது விதி. அவர் வீடு தென்காசி ரோட்டில், போகிற திசைக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. போய் ஏற்றிக்கொண்டோம். பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் குழுவின் ரப்பர் ஸ்டாம்பை மறந்துவிட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. ஸ்டாம்ப் இல்லாமல் ஒரு குழு மதுரைக்குப் போக முடியுமா? மறுபடி அவர் வீட்டுக்கே திரும்பிப் போய் எடுத்துக்கொண்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நாலு கிலோமீட்டர் என்று எழுதியிருந்த கல்லுக்குப் பக்கத்தில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. நேரம் ஒன்பது ஐம்பது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஊருக்கு வெளியே வண்டி நின்றால் அங்கேயே குழு கூடி, நடந்ததை மினிட் நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. செயலாளரின் கையெழுத்து மருந்துக் கடைக்காரர்களுக்கு மட்டும் விளங்கும். அவர் பின்பக்கமாக வந்து நோட்டை நீட்டினார்.

"தங்கச்சி, உங்க எழுத்து அச்சுப் போட்டாப்புல இருக்கும்னு பாய் சொல்லியிருக்காரு. செத்த எழுதுங்களேன்."

என் மடியில் இவர் தலை இருந்தது. அதற்குப் பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். 'மணி 9.50. வண்டி நின்றது.'

டிரைவர் மொக்கைச்சாமி இறங்கி வந்து, டீசல் தீர்ந்து போச்சு என்றார்.

செயலாளர் கைக்குறிப்பை எடுத்தார். ஓடியது எட்டு கிலோமீட்டர். ஊற்றியது பன்னிரண்டுக்கு. "ரூல்படி பார்த்தா இன்னும் பதினோரு அவுன்ஸ் இருக்கணுமே, மொக்கை."

"பேப்பர்ல இருக்கும்யா. டேங்குல இல்ல."

தலைவர் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்த தூரத்தைச் சேர்க்க வேண்டாமா என்று டிரைவர் கேட்டார். அது பயணம் ஆகாது, பயணத்துக்கான ஆயத்தம் என்று செயலாளர் விளக்கினார். ஆகவே கோளாறு டீசலில் இல்லை என்று முடிவாயிற்று. வேறு எதில் என்று தேட ஆரம்பித்தார்கள்.

தலைவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். டீசல் என்ஜினில் பிளக் கிடையாது என்று டிரைவர் சொன்னார். அதுதான் கோளாறோ என்று தலைவர் செத்த நேரம் யோசித்தார். பிறகு சோக் எங்கே என்றார். அதுவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்கூட்டர் வைத்திருந்தவருக்குத் தெரிந்த மூன்றாவது வைத்தியம் ஒன்று மிச்சம் இருந்தது.

"சாய்ங்கலே" என்றார்.

ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்து, மூலையில் கிடப்பதை இழுக்கவைத்து உதைப்பார்கள் அல்லவா, அது. அந்தப் பதினோரு அவுன்ஸ் டேங்கின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது என்பது அவர் துணிபு. பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டார். போலீஸ் குரலைக் கேட்டு ஓடி வந்தார்கள். நோயாளி இடது பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் சாய்ப்பதற்கு வசதியாக இருக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒதுக்கினேன். வண்டி ஒரு பக்கமாக எழும்பியது.

"என்னத்துக்கு வண்டி சாயுது?" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

"மூலையில கெடக்க டீசலை எடுக்காங்களாம். தலைவர் சொல்லுதாரு."

இவர் தோள் குலுங்கியது. வலிதான் கூடிவிட்டது என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத ஏட்டி, வலிக்கு" என்றார்.

'மணி 10.10. வண்டி சாய்க்கப்பட்டது. மணி 10.20. வண்டி நிமிர்த்தப்பட்டது.'

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ் ஒன்று வந்து தானாகவே நின்றது. ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். நான் எழுந்தேன். தலைவர், போலாம் ரைட் என்று பஸ்ஸைத் தட்டி அனுப்பிவிட்டார். உயிர்காப்பு ஊர்தி பக்கத்தில் நிற்கும்போது நோயாளி பஸ்ஸில் போனால் ஊரில் குழுவைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

அடுத்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்த சோலைச்சாமி என்பவர் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டார். குச்சி ஈரமில்லாமல் வந்தது. அவர் படித்தவர் இல்லை. ஆகவே உடனே கண்டுபிடித்துவிட்டார். தன் கேனில் இருந்த பத்து லிட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குள் எடுத்துவிட முடியுமா? உறுப்பினர் அல்லாதவரிடம் பொருள் பெறுவதற்குத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு மூன்று உறுப்பினர் வேண்டும். இருந்தது இரண்டு பேர். என் அதிர்ஷ்டம், இராஜபாளையம் போகிற பஸ்ஸில் சங்கையா என்ற உறுப்பினர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவசரமாகப் போனவரை இறக்கிவிட்டார்கள். அவர் வெயிலில் நின்றபடி ஒரு சந்தேகம் கேட்டார். நன்றி தெரிவிக்கும் தீர்மானம் தனியாகவா, இதோடு சேர்த்தா? விவாதத்துக்குப்பின் தனியாக என்று முடிவாயிற்று. இரண்டையும் எழுதினேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் ஸ்டாம்பை வாயருகே கொண்டுபோய் ஊதி ஈரமாக்கி வண்டியின் மீது வைத்து அடித்தார்.

மணி 10.50. டீசல் ஊற்ற ஆரம்பித்தார்கள். அவுன்ஸ் கிளாஸில்.

பத்து லிட்டர் என்பது முந்நூற்று ஐம்பது அவுன்ஸ். நாற்பது அவுன்ஸ் வரை சோலைச்சாமி பொறுத்துக்கொண்டார்.

"யோவ், உள்ள ஒரு மனுசன் கெடக்கான். கவுத்துங்கய்யா."

"நீங்க கொடுத்தது பத்து லிட்டர்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் செயலாளர்.

சோலைச்சாமி கேனைப் பிடுங்கிக் கவிழ்த்தார். அளவில்லாமல் டீசல் ஏறிய ஒரே நாள் அதுதான். குழு அதற்குத் தன் வருத்தத்தைப் பதிவு செய்தது.

மொக்கைச்சாமி சாவியைத் திருப்பினார். ஓடவில்லை. மறுபடி திருப்பினார். தலைவர் 'இன்னும் கொஞ்சம்' என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியின் குரல் இறங்கிக்கொண்டு போனது. என் மடியில் படுத்திருந்தவர் அப்போது எழுந்து உட்கார்ந்தார்.

"செல்ஃப் அடிக்காதலே மொக்கை, பேட்டரி உக்காந்துரும். காத்து பிடிச்சிருக்கு. ஏர் எடுக்கணும்."

அவர் சட்டைப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் எப்போதும் கிடக்கும். நெஞ்சுவலியோடு புறப்பட்டபோதும் கிடந்தது. நான் அதை எடுத்தேன். ஒர்க் ஷாப்பில் ஆள் வராத நாட்களில் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்போது முறுக்க வேண்டும் என்று தெரியும். "நான் எடுக்கேன். நீங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க" என்று இறங்கிப்போய் பானெட் பக்கம் நின்றேன்.

தலைவர் குறுக்கே வந்தார். கோபமாக இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, நடுரோட்டுல ஒரு பொம்பளை என்ஜின்ல கை வச்சா நல்லாருக்காது. அதோட ஏழாவது விதி இருக்கு. அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக்தான் தொடலாம்."

"அந்த மெக்கானிக்தானய்யா உள்ள படுத்திருக்காரு."

"அதான் சொல்லுதேன். தூரத்துல இல்லியே."

சங்கையாவும் மொக்கைச்சாமியும் ஆளுக்கொரு தோள் கொடுத்து அவரை இறக்கினார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன். வேண்டாம் என்றேன். "ரெண்டு நிமிச வேலை ஏட்டி. இவங்க தீர்மானம் போட்டு முடிக்கதுக்குள்ள நான் முடிச்சிருவேன்" என்றார். ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

ஸ்குரூவைத் தளர்த்தினார். கைப் பம்பை அடித்தார். நுரை வந்தது. அடித்தார். அந்த வண்டியில் அன்று காற்று அதிகம். பைப்பெல்லாம் காய்ந்து கிடந்தது. இரண்டு நிமிடம் பத்து நிமிடமாயிற்று. பம்ப் அடிக்கிற கையை நடுவில் மாற்றினார். இடது கையால் முடியவில்லை. மறுபடி வலது கை. நெற்றியிலிருந்து வேர்வை ஃபில்டரில் சொட்டியது. நுரை குறைந்து, நூல் மாதிரி சுத்தமாக டீசல் வந்தது. முறுக்கினார்.

"இப்ப அடி."

ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. களையெடுக்க வந்தவர்கள் உட்பட எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே படுக்கவைத்து, டீசல் கையை என் முந்தானையில் துடைத்தேன்.

"இருபது ஆச்சு" என்றார். அப்புறம் பேசவில்லை.

'மணி 11.25. வண்டி புறப்பட்டது.'

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொன்னுராஜ் கடைக்கு முன்னால் நிறுத்தி இரண்டாவது டோஸை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் சொன்னார். மொக்கைச்சாமி வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறினார். நிறுத்தவே இல்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது நான் பிடித்திருந்த கை பிடியை விட்டுவிட்டது. மதுரை டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு ஒன்றரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார். சிறு மெக்கானிக்கல் கோளாறு என்று தலைவர் பதில் சொன்னார். மறு வாரம் மொக்கைச்சாமியை, விதிமீறலுக்காக, வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நான் இத்தாவில் இருந்தேன். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் செயலாளர் வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டு ஆயிஷா பீவியிடம் மினிட் நோட்டைக் கொடுத்தனுப்பினார். பாய்க்கு ஒரு இரங்கல் தீர்மானம் போட வேண்டும். நல்ல எழுத்தாக இருந்தால் நன்றாக இருக்கும். தங்கச்சியே எழுதிவிட்டால் உத்தமம். தம்முடைய எழுத்து யாருக்கும் விளங்காது என்று மிகவும் பணிவாகச் சொல்லியனுப்பினார்.

எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு மாறாமல் எழுதினேன்.

இரங்கல் தீர்மானத்தை வாசிக்கிற வழக்கம் குழுவில் இல்லை. எழுந்து நிற்கிற வழக்கம்தான் உண்டு. இரண்டு நிமிடம் நின்றார்களாம். தலைவருக்குக் கண் கலங்கியதாம். பிறகு ஐந்து உறுப்பினரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு அழகான எழுத்தில் தீர்மானம் இதுவரை வந்ததில்லை என்று தலைவர் பாராட்டி ஸ்டாம்பும் அடித்தார். மலரில் அந்தப் பக்கத்தை அப்படியே அச்சிடப் போவதாகச் செயலாளர் இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். நோட்டைத் தேடும் சிரமம் வேண்டாம் என்று என் ஞாபகத்திலிருந்து தருகிறேன்:

'தீர்மானம் 31. அசன் முகம்மது அவர்கள் நெஞ்சுவலியால் இறந்ததாக ஊரில் பேசப்படுவதை இக்குழு மறுக்கிறது. வண்டியில் டீசல் வைக்காமலும், வந்த பஸ்ஸில் ஏறவிடாமலும், அவர் மனைவி செய்ய வந்த வேலையைத் தடுத்தும், நோயாளியையே இறக்கி வேலை வாங்கியும், மணி 9.50 முதல் 11.25 வரை நின்று அவரைக் கொன்றது நாங்கள்தான் என்பதை இக்குழு ஆழ்ந்த வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறது. ஏகமனதாக நிறைவேறியது.'

ஐந்து கையெழுத்தும் ஸ்டாம்பும் அதன் கீழே இருக்கின்றன. மலரில் போடும்போது அச்சுப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.